கிருபை என்ன, கட்டி எடுக்கிற சீட்டா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை உபவாசம், தவறாமல் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை). ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகச் சர்ச்சுக்குப் போய் ஜமுக்காளம் விரித்து ஃபேனைப் போட்டுவைப்பார். சித்தப்பா நேர் எதிர். குடி, ஊரெல்லாம் கடன். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு வாரத்தில் மனந்திரும்பினார், ஜெபம் பண்ணினார், போய்விட்டார். அடக்க ஆராதனையில் போதகர், "நம் சகோதரர் கிருபையால் இரட்சிக்கப்பட்டார்" என்றார். அன்றிலிருந்து அப்பா, "அப்போ நான் நாற்பது வருஷம் பட்டினி கிடந்தது எதுக்கு?" என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சொல்வது?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில், "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அவரை அடக்காதீர்கள். சபையில் பாதிப் பேர் இதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் பாட்டுப் பாடுகிறார்கள், உங்கள் அப்பா வாய்விட்டுக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். திராட்சத் தோட்டத்துக்காரர் விடியற்காலையிலேயே ஆளுக்கு ஒரு பணம் கூலி பேசி ஆட்களை அனுப்புகிறார். அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று போய்ப் போய் ஆள் எடுக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணி. அது நம் கணக்குக்குச் சாயங்காலம் ஐந்து, வேலை முடிய ஒரே ஒரு மணி நேரம் பாக்கி. அந்த நேரத்திலும் கடைத்தெருவில் நிற்கிறவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். காலையில் ரோட்டு முனையில் தூக்குவாளியோடு நிற்கும் சித்தாள்களைப் பார்த்திருப்பீர்களே, பத்து மணிக்கு மேலும் யாரும் கூப்பிடாமல் நிற்பவர் முகம் எப்படி இருக்கும்? ஒரு பணம் என்பது அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் வீட்டில் மாவு வாங்கக்கூடக் காணாது. அவர் முழுக் கூலியையும் கொடுக்கிறார். விடியற்காலையில் வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம்தான், அவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் சண்டையே வந்திருக்காது, அவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரோ வேண்டுமென்றே கடைசியில் வந்தவரில் தொடங்குகிறார், மற்றவர்களை நிற்கவைத்துப் பார்க்கவைக்கிறார். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று கேட்கிறார், அதாவது என் தாராளத்தைப் பார்த்து நீ பொறாமைப்படலாமா என்று. அந்தக் கேள்விக்காகத்தான் கதையே. காலையில் வந்தவர்கள் கூலியில் ஒரு காசு குறையவில்லை என்பதைக் கவனியுங்கள், வலித்தது மற்றவனுக்குக் கிடைத்ததுதான்.

அப்பா தன் உபவாசத்தை ஏலச்சீட்டு மாதிரி நினைத்துவிட்டார். வாராவாரம் கட்டினோம், முதிர்ந்ததும் எடுப்போம் என்று இருந்தவர் கண்ணெதிரே ஒரு தவணைகூடக் கட்டாத தம்பி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுவதே இரட்சிப்பு தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்குக் கிரியைகளினால் உண்டானதல்ல என்றுதான். ஈவு என்றால் சும்மா கொடுப்பது. அதற்குத் தவணை கிடையாது, உங்கள் அப்பாவுக்கும் சரி, சித்தப்பாவுக்கும் சரி.

அந்த வெள்ளிக்கிழமைகளில் என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பயத்தில் இருந்த உபவாசமா, பிரியத்தில் இருந்ததா? கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததில் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நிற்கும் மூத்த மகனும் "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்றுதான் தொடங்குகிறான். அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது அடிமையாய் உழைப்பதற்கான சொல். சொந்த வீட்டிலேயே கூலிக்காரனாக இருந்திருக்கிறான் பாவம். அவனைச் சமாதானப்படுத்தவும் தகப்பன்தான் வெளியே வருகிறார்.

இன்னொன்று. ஊரெல்லாம் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் எவ்வளவை அப்பா அடைத்தார் என்று எழுதவில்லை. அவருக்குத் தம்பி செத்த துக்கமும் இருக்கிறது, இந்தக் கோபத்துக்குள் அதுவும் கிடக்கலாம். வேதபாடம் நடத்துவதற்கு முன் அவரைக் கொஞ்சம் அழ விடுங்கள்.

கேள்வி: எல்லாம் கிருபை என்றால் இஷ்டத்துக்குப் பாவம் செய்துவிட்டுக் கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாமே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள் போல, ரோமர் 6ஆம் அதிகாரத்தை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார், "கூடாதே" என்று உடனே பதிலும் சொல்கிறார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் உண்மை. ஆனால் மாற்றம் ஒரே ராத்திரியில் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கிருபையைப் பற்றி ஆங்கிலத்தில் உலகமே பாடுகிற "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஜான் நியூட்டனைப் பாருங்கள். 1748இல் நடுக்கடல் புயலில் கடவுளைக் கூப்பிட்டார், பிழைத்தார். அதற்குப் பிறகுதான் அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பலுக்கே கேப்டன் ஆனார்! 1754 வரை அந்தத் தொழில். உடம்பு சரியில்லாமல் போய்த்தான் கடலை விட்டார், பிறகு போதகரானார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து வெளிப்படையாகத் துண்டுப் பிரசுரம் எழுதியது 1788இல். நாற்பது வருஷம். எனக்கு இந்தக் கணக்கு சங்கடமாகத்தான் இருக்கிறது, அவருக்கும் இருந்திருக்கிறது, அதில் வெட்கத்தோடுதான் எழுதுகிறார். பாவம் செய்யத் திட்டம் போட்டு வைத்திருப்பவருக்கு அந்த வெட்கம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: நான் வைணவன். எங்கள் சரணாகதியும் உங்கள் கிருபையும் ஒன்றுதானே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ரொம்பப் பக்கத்தில் வருகிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும் என்று உங்கள் வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் பேசியதைப் படித்தால், நம்மவர்கள் இதை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்று பொறாமையாக இருக்கும். ஐரோப்பாவில் சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர் காலத்தில், மனிதன் பற்றிக்கொள்ள வேண்டுமா, கடவுளே தூக்கிக்கொள்வாரா என்று நடந்த சண்டையும் கிட்டத்தட்ட இந்தக் குட்டிகளைப் பற்றித்தான். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறிஸ்தவரான ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சிப்பைப் பாடும்போது பக்திக் கவிதையின் வாசனை வீசுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்று என்று சொல்லிவிட மாட்டேன். கிறிஸ்தவர்களுக்குக் கிருபை என்பது பொந்தியு பிலாத்துவின் காலத்தில் ஒரு சிலுவையில் நடந்த காரியத்தோடு சேர்ந்தது, அதை எடுத்துவிட்டால் வேறு எதுவோ ஆகிவிடும்.

கேள்வி: காணிக்கை அனுப்பினால் கிருபை இரட்டிப்பாகும் என்று டிவியில் ஒருவர் சொல்கிறாரே?
— வாசகி, வேலூர்

பதில்: சமாரியாவில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை வாங்க இதே மாதிரிப் பணத்தை நீட்டினான். "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார் பேதுரு. அப்போஸ்தலர் 8:20. டிவியை அணைத்துவிட்டு வாசியுங்கள்.