சப்பை மூக்கு நாய்க்குச் சித்திரை வெயில்

கேள்வி: நுவரெலியாவில் இருந்தபோது வாங்கிய பக் இன நாய் எங்களிடம் வளர்கிறது. வயது நான்கு, நிறை 11 கிலோ. கணவருக்கு இடமாற்றம் கிடைத்ததால் கண்டிக்கு வந்து, ஒரு தொடர்மாடியின் உச்சித் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தலைக்கு மேல் கொங்கிரீட் தட்டு. மேற்கில் பெரிய யன்னல். பங்குனி பிறந்ததிலிருந்து பிற்பகல் முழுவதும் நாய்க்கு மூச்சிளைக்கிறது. மின்விசிறியை நேரே வைத்தும் குறையவில்லை. ஏ.சி. பூட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மயிரை மழித்துவிட்டால் சூடு தணியுமா, டொக்டர்?
– வாசகி, கண்டி

பதில்: மழிக்க வேண்டாம், சகோதரி. அந்த மயிர் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. உதிரும் உள்மயிரை நாள்தோறும் சீவி எடுத்தாலே போதும்.

மின்விசிறி ஏன் உதவவில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். நமக்கு உடம்பெங்கும் வியர்ப்பதால், காற்றுப் பட்டதும் வியர்வை ஆவியாகி உடல் குளிர்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும்; மற்றபடி மூக்கினுள்ளும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாவதன் மூலமே அது தன் சூட்டை வெளியேற்றுகிறது. நீண்ட முகமுள்ள நாயின் மூக்கினுள் சுருள் சுருளாக மடிந்த ஈரச்சவ்வு இதற்கென்றே விரிந்து கிடக்கிறது. பக் இனத்தில் மண்டையோடு குறுகிவிட்டதே தவிர, உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரங்கள் கீறல் போலிருக்கும். மென்அண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்புறமுள்ள மெல்லிய சதை) நீண்டு மூச்சுக்குழாயின் வாயை மறைக்கும். ஆகவே, சூட்டைத் தணிக்க அது வேகமாக மூச்சு வாங்கும்போது, அந்த உழைப்பே மேலும் சூட்டை உண்டாக்கி, தொண்டையையும் வீங்கச் செய்கிறது.

எனவே மின்விசிறிக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் முதலில் நாயை நனையுங்கள். குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையின் உட்புறம், அக்குள், பாதங்கள் ஆகியவற்றில் கையால் நன்றாகத் தேய்த்துவிட்டு, அதன் பிறகு காற்றுப் படும்படி படுக்க விடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். வெறும் காற்று செய்யாததை ஈரத்தோடு சேர்ந்த காற்று செய்யும்.

மேற்கு யன்னலின் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறியுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வீட்டுக்குள் வந்துவிட்ட சூட்டைத் திருப்பி அனுப்பாது. வெளியே ஒரு மூங்கில் தட்டியையோ தடித்த துணியையோ கட்டுவதற்கு வீட்டுக்காரர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். வெளியே அனல் அடிக்கும்போது யன்னல்களைச் சாத்தி வைத்து, பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கொங்கிரீட் தட்டு இரவில்தான் கக்குகிறது. ஆகையால் இரவில் படுக்கையறையைவிடக் குளியலறையின் டைல் தரையே நாய்க்கு உகந்தது. தண்ணீர்ப் போத்தல்கள் சிலவற்றை உறைய வைத்து, துணியில் சுற்றி அருகில் வையுங்கள். மின்சாரம் தடைப்படும் பிற்பகலில் அவை கைகொடுக்கும்.

நீங்கள் இறங்கி வந்திருக்கும் உயரத்தையும் எண்ணிப் பாருங்கள். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர், கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றர். போதாக்குறைக்கு, ஏப்ரல் முற்பகுதியில் நம் நாட்டில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. மாலையில் இடியோடு மழை பெய்து ஓய்ந்ததும், குளிர்ந்துவிட்டதென்று நாயை நடக்கக் கூட்டிச் செல்பவர்கள் பலர். அப்போது காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. நடை அதிகாலையில் மட்டும் இருக்கட்டும். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக மார்புப் பட்டி அணிவியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்த 11 கிலோதான். பக் இனத்துக்கு 6 முதல் 8 கிலோ வரையே ஏற்ற நிறை. மிகுதிக் கொழுப்பு தொண்டையையும் மார்பையும் நெருக்கும். மேசையிலிருந்து நீட்டும் ரொட்டித் துண்டையும், புத்தாண்டுப் பாற்சோற்றையும் பலகாரத்தையும் அன்போடு மறுத்துவிடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. மூச்சுப் பாதையை ஒருமுறை பரிசோதிக்கச் செய்யுங்கள். துவாரங்களை அகலப்படுத்தவும் அண்ணத்தைக் குறைக்கவும் சத்திரசிகிச்சை முறைகள் உண்டு. குறட்டை இந்த இனத்தின் இயல்பு என்று விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: எங்கள் பிரெஞ்சு புல்டோக் வெயிலில் மயங்கினால், ஈரத் துவாயால் போர்த்தி வைத்தியரிடம் கொண்டு செல்லலாமா?
– வாசகர், பதுளை

பதில்: போர்த்தாதீர்கள். அப்படிச் சுற்றி முச்சக்கரவண்டியில் கொண்டுவரப்பட்ட ஒரு நாயின் துவாயை நான் விலக்கியபோது, அதன் உட்புறம் இஸ்திரி போட்ட துணிபோலச் சுட்டது. சூடு வெளியேற வழியில்லாமல் ஈரத்துக்குள்ளேயே அடைபட்டிருந்தது.

பல் முரசு செங்கல் நிறமாகவோ நீலமாகவோ மாறுதல், கெட்டியான எச்சில், தள்ளாட்டம் ஆகியவற்றைக் கண்டால், புறப்படுவதற்கு முன் அங்கேயே குளிர வைக்கத் தொடங்குங்கள். மூக்கிலும் வாயிலும் புகாதபடி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய நாய்க்குத் தண்ணீர் புகட்ட வேண்டாம். உடல் வெப்பம் 39.5 பாகை செல்சியசுக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, வாகனத்தின் யன்னல்களைத் திறந்தபடி வைத்தியரிடம் செல்லுங்கள். நாய் எழுந்து வாலாட்டினாலும் பயணத்தைக் கைவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் ஏற்படும் கோளாறும் ஓரிரு நாள் கழித்தே வெளித் தெரியலாம்.