சில நொடிகளில் மின்னி மறையும் பேரொளி: காமா கதிர் வெடிப்புகள் பற்றிய கேள்வி பதில்

சூலூர்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள எல்லை ஊர்களிலும் வசிக்கும் நம் குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். பள்ளியில் தெலுங்கு வழியில் அறிவியல் படித்தவர்கள் நம்மிடையே பலர் என்பதால், கலைச்சொல் வருமிடத்தில் பொருளையும் சேர்த்துச் சொல்கிறேன். காமா கதிர் என்பது எக்ஸ் கதிரையும் விட ஆற்றல் மிகுந்த ஒளி; அது விண்வெளியில் ஒரு திசையிலிருந்து திடீரெனப் பாய்ந்து மறைவதே காமா கதிர் வெடிப்பு.

தடா, கல்லூரி மாணவர்: ஐயா, இந்த வெடிப்புகளைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் வானியலாளர்கள் அல்லர் என்று படித்தேன். அது உண்மையா?

உண்மைதான் தம்பி. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதிக்கக் கூடாது என்று 1963-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை யாரேனும் மீறுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் ஒரு காமா கதிர்த் துடிப்பு பதிவாயிற்று. அணுகுண்டின் காமா கதிர் கண நேரத்தில் உச்சம் தொட்டுப் படிப்படியாகத் தணியும். இதிலோ இரண்டு முகடுகள் இருந்தன. பின்னர் வந்த துடிப்புகள் ஒவ்வொரு செயற்கைக்கோளையும் எட்டிய நேர வேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணக்கிட்டபோது, அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று தெளிவாயிற்று. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளிபசாடெலும் அவருடைய இரு சகாக்களும் 1973-இல் இத்தகைய 16 வெடிப்புகளைப் பற்றி எழுதிய பிறகே உலகுக்குச் செய்தி தெரிந்தது.

சத்தியவேடு, பள்ளி ஆசிரியை: அவை நம் பால்வழி மண்டலத்துக்குள் நிகழ்கின்றனவா, வெளியிலா? இதை அறிய ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

காமா கதிரைக் கண்ணாடி வில்லையால் குவிக்க முடியாது. ஆகவே வெடிப்பு வந்த திசை தோராயமாகவே கிடைத்தது, தூரமோ கிடைக்கவே இல்லை. 1991-இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வுக்கலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை பால்வழிப் பட்டையில் குவியாமல் வானம் முழுவதும் சமமாகச் சிதறியிருந்தன. அப்போதும் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. 1995-இல் வாஷிங்டனில் இரு தரப்பாரும் மேடையேறியே வாதிட்டார்கள். வாதத்தைத் தீர்த்தது இத்தாலிய, டச்சு நாடுகளின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள். 1997 பிப்ரவரி 28-இல் ஒரு வெடிப்புக்குப் பின் அதே இடத்தில் எக்ஸ் கதிர்கள் மெல்ல மங்கிக்கொண்டிருப்பதை அது கண்டது. இதற்குப் பின்னொளிர்வு என்று பெயர். அதே ஆண்டு மே மாதம் நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் பின்னொளிர்வில் செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்ச விரிவினால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவை, அளக்க முடிந்தது. அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆரம்பாக்கம், மின் பொறியாளர்: அத்தனை தொலைவிலிருந்தும் இவ்வளவு பிரகாசம் என்றால் ஆற்றல் கணக்கு எப்படிச் சரியாகும்?

இந்தத் துறையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்; ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1999 ஜனவரி 23-இல் பதிவான வெடிப்பு எல்லாத் திசைகளிலும் சமமாக ஒளி வீசியதாக வைத்துக்கொண்டால், சூரியனின் நிறை முழுவதும் ஆற்றலாக மாறினாலும் அதற்குப் போதாது. இரவில் பழவேற்காடு ஏரியில் படகிலிருக்கும் மீனவர் தம் டார்ச்சை நம் முகத்துக்கு நேரே திருப்பினால் கண் கூசுகிறது. வலையைப் பார்க்க அவர் அதைத் திருப்பிக்கொண்டதும் மங்கிய புள்ளியாகிவிடுகிறது. கண் கூசிய கணத்தை மட்டும் வைத்து, அதே வெளிச்சம் எல்லாப் பக்கமும் பாய்கிறது என்று கணக்கிட்டால் டார்ச்சின் மின்கலத்தைப் பல மடங்கு மிகைப்படுத்திவிடுவோம். காமா கதிர் வெடிப்பும் சில பாகை அகலமே உள்ள தாரையாகத்தான், அதாவது குறுகிய பாய்ச்சலாகத்தான் வெளிவருகிறது. அதைக் கணக்கில் கொண்டால் தேவையான ஆற்றல், சூரியன் தன் ஆயுள் முழுவதும் வெளியிடும் ஆற்றலுக்கு ஒப்பான அளவுக்கு இறங்குகிறது. இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது: நமக்குத் தெரியும் ஒவ்வொரு வெடிப்புக்கும், நம் பக்கம் திரும்பாத நூற்றுக்கணக்கானவை இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில வெடிப்புகளின் ஒளி ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் ஒளி கடப்பது 300 கிலோமீட்டர், ஏறத்தாழ சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம். அப்படியானால் மூலமும் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை காமா ஒளித்துகள்களை அடைத்தால், அவை ஒன்றோடொன்று மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் (நேர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்) இணைகளாக மாறிவிடும். காமா கதிர் வெளியே வரவே வழியில்லை. வருகிறதே, எப்படி? ஒளி வீசும் பொருளே நம்மை நோக்கி ஒளியின் வேகத்தில் 99.99 சதவீதத்துக்கும் மேல் பாய்ந்து வருகிறது என்பதே விடை. அந்த வேகத்தில் வரும் மூலத்தின் ஒளி நமக்கு ஆற்றல் கூடியதாகத் தெரிகிறது. கால இடைவெளிகளும் சுருங்கித் தெரிகின்றன. உண்மையில் ஒளிரும் பகுதி 300 கிலோமீட்டரைவிட மிகப் பெரியது. அங்கே ஒளித்துகள்களின் ஆற்றலும் குறைவு. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு கண் முன்னே வேலை செய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

அந்தத் தாரைக்குள் காமா கதிரை உண்டாக்குவது வாயு அடுக்குகள் ஒன்றையொன்று முட்டும் அதிர்ச்சியா, காந்தப்புலம் அறுந்து மீண்டும் இணைவதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நம் ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று சென்ற ஆஸ்ட்ரோசாட், காமா கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அலைகள் ஒரே தளத்தில் அதிரும் அளவை, அளந்து இந்த வழக்குக்குச் சான்று சேர்த்து வருகிறது.

நகரி, விசைத்தறி நடத்துபவர்: எது வெடிக்கிறது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரி போதாது, ஏனெனில் பிறப்பிடம் இரண்டு. சூரியனைப் போல் பல மடங்கு நிறையுள்ள, வேகமாகச் சுழலும் விண்மீனின் மையம் எரிபொருள் தீர்ந்து இடிந்து கருந்துளையாகும்போது, சுற்றிலும் உள்ள பொருள் வட்டாகச் சுழன்று உள்ளே விழுகிறது. சுழல் அச்சின் இரு முனைகளிலும் தாரைகள் விண்மீனைத் துளைத்து வெளியேறுகின்றன. 2003 மார்ச் 29-இல் நிகழ்ந்த வெடிப்பின் பின்னொளிர்வு மங்கியபோது அதனடியில் ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடித்துச் சிதறும் ஒளி, தெளிவாக வெளிப்பட்டதால் இந்த விளக்கம் உறுதிப்பட்டது. மற்றொன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது இடிந்த விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள், ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதி இணைவது.

இரண்டு நொடிக்கு மேல் நீடித்தால் முதல் வகை, அதற்குள் முடிந்தால் இரண்டாவது வகை என்று வகுத்தார்கள். அந்தக் கோட்டை மட்டும் நம்பக் கூடாது. 2021 டிசம்பர் 11-இல் வந்த வெடிப்பு ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தது. ஆனாலும் நியூட்ரான் விண்மீன் இணைவுக்கே உரிய அடையாளம் அதில் தென்பட்டது.

சூலூர்பேட்டை, இல்லத்தரசி: 2017-இல் ஈர்ப்பு அலை வந்து 1.7 நொடி கழித்துக் காமா கதிர் வந்தது என்கிறார்களே, அதில் என்ன சிறப்பு?

அம்மா, ராக்கெட் கிளம்பும் நாளில் நம் மொட்டைமாடியில் நின்று பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னை மரங்களுக்கு மேல் ஆரஞ்சு வெளிச்சம் எழும். ஏறக்குறைய ஒரு நிமிடம் சென்ற பிறகே முழக்கம் வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். இருபது கிலோமீட்டருக்குள் ஒளிக்கும் ஒலிக்கும் அவ்வளவு இடைவெளி விழுகிறது. 2017 ஆகஸ்ட் 17-இல், இரு நியூட்ரான் விண்மீன்களின் இணைவிலிருந்து வந்த ஈர்ப்பு அலையும், அதாவது வெளியையே நெளியச் செய்யும் அலையும், காமா கதிரும் கடந்த தூரம் ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகள். இடைவெளியோ இரண்டு நொடிகூட இல்லை. அந்த 1.7 நொடியும் பயணத்தில் ஏற்பட்டதாகவே இருக்க வேண்டியதில்லை. தாரை உருவாகி வெளியேறவே அந்த நேரம் பிடித்திருக்கலாம். ஈர்ப்பு அலை ஒளியின் வேகத்திலேயே செல்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சோதனை அதற்கு முன் இருந்ததில்லை.

புத்தூர், நகைத் தொழிலாளி: தங்கம் அங்கிருந்துதான் வந்ததா?

கணிசமான பகுதி அப்படி வந்திருக்கலாம். 2017 இணைவில் சிதறிய பொருள் சில நாட்கள் ஒளிர்ந்தது. அதற்குக் கிலோநோவா என்று பெயர். நியூட்ரான்களை விழுங்கி விழுங்கிக் கனமான தனிமங்கள் பிறக்கும்போது எதிர்பார்க்கும் நிறமும் மங்கலும் அதில் காணப்பட்டன. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் தடயமும் பின்னர் அடையாளம் காணப்பட்டது. தங்கத்துக்கே உரிய நிறமாலைக் கோட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டியதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி, வங்கி ஊழியர்: இவற்றால் பூமிக்கு ஆபத்து உண்டா?

காமா கதிர் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுவதால் தரையை எட்டாது. சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் ஒரு வெடிப்பு நம்மை நோக்கியே நிகழ்ந்தால், நைட்ரஜன் மூலக்கூறுகள் உடைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகி ஓசோன் படலத்தை அரிக்கும். தீங்கு அப்போது சூரியனின் புற ஊதாக் கதிரால் வரும். சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிரினப் பேரழிவு ஒன்றுக்கு இதுவே காரணம் என்ற கருத்து 2004-இல் முன்வைக்கப்பட்டது. அதற்கு நேரடிச் சான்று இல்லாததால் நான் அதை ஏற்கவில்லை. ஆனால் 2022 அக்டோபர் 9-இல் வந்த, இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு, ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தும் நம் அயனி மண்டலத்தை, அதாவது மின்னூட்டத் துகள்கள் உள்ள மேல் வளிமண்டல அடுக்கை, அளக்கக்கூடிய அளவில் அசைத்தது.

சித்தூர், பத்தாம் வகுப்பு மாணவி: வெறும் கண்ணால் பார்க்க முடியுமா?

ஒரு முறை முடிந்திருக்கும் அம்மா. 2008 மார்ச் 19-இல் நிகழ்ந்த வெடிப்பின் ஒளி, இருண்ட வானில் கருவியின்றியே தெரியும் அளவுக்கு அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தது. அந்த ஒளி கிளம்பி ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. அது புறப்பட்ட காலத்தில் சூரியனும் பிறக்கவில்லை, பூமியும் இல்லை. அது வந்து சேர்ந்தபோது நம் சித்தூரில் காலை 11 மணி 42 நிமிடம், நல்ல வெயில்.