கேளுங்கள் அக்கா: "பாதி எழுதினால் மீதி அசிங்கமாக வருகிறது"

களுவாஞ்சிக்குடியில் 16 வருடம் கொமியூனிகேஷன் கடை நடத்திய அக்கா, போன், கணினி பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை புரொஜெக்டரில் பிள்ளைகளுக்கு "அக்கா தம்பி கதை" ஒன்று காட்டுவோம் என்று தேடுபெட்டியில் "அக்கா" வரைக்கும்தான் எழுதினேன். கீழே வரிசையாக வந்து விழுந்ததை இங்கே எழுத முடியாது. 38 பிள்ளைகள். பின்வாங்கில் ஒருவன் சிரித்தான். நான் அப்படி எதையும் தேடியதே இல்லை. யாராவது என் கணக்குக்குள் புகுந்துவிட்டார்களா?
– டீச்சர், அக்கரைப்பற்று

பதில்: யாரும் புகவில்லை டீச்சர். பயப்படாதீர்கள். வாசகர்கள் என்னைக் கூப்பிடுகிற சொல்லும் அதுதான் என்பதால் எனக்கும் இதில் கொஞ்சம் சொந்தக் கோபம் உண்டு.

கடையில் ஐந்து கணினி வைத்திருந்த காலம். ஒரு மனிசன் மாமியாரின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி கவிதை பார்க்க வந்தார். "மாமி" என்று எழுதினார். அவ்வளவுதான். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வியாபாரமே நான்தான் செய்கிறேன் என்பது மாதிரி ஒரு பார்வை. நான் ஓடிப் போய்த் திரையை நிறுத்தினேன். மறுகா அவர் என் கடைப்பக்கம் வரவேயில்லை. பக்கத்துக் கடையில்தான் போட்டோக் கொப்பி எடுத்தார்.

அன்றைக்கு வந்ததில் பாதி, அதே கணினியில் முதல்நாள் இரவு இருந்த பொடியன்மார் எழுதிவிட்டுப் போனது. மீதி, தேடுபொறி தானாகத் தந்தது. உங்கள் திரையிலும் இதைப் பிரித்துப் பார்க்கலாம். சொல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் இருந்தால் அது அந்தக் கணக்கில் முன்பு தேடியது. பூதக்கண்ணாடி இருந்தால் ஊரார் தேடியதை வைத்து இயந்திரம் போட்ட கணக்கு. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் பூதக்கண்ணாடியாகத்தான் இருக்கும்.

அது ஏன் தமிழ் உறவுமுறைச் சொல்லாகப் பார்த்து வருகிறது? கடையில் இருந்து நான் கண்டதைச் சொல்கிறேன். பரீட்சை முடிவு, வேலை விளம்பரம், விசா என்று பகலில் தேடுகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். தமிழில் எழுதுவதற்கென்று மிஞ்சியது சினிமாப் பாட்டும், இரவில் கதவுப் பக்கம் முதுகு காட்டி இருந்து தேடுகிற சங்கதிகளும். ஒரு சொல்லை நல்லதுக்கு ஆயிரம் பேர் எழுதாமல் கெட்டதுக்கு நூறு பேர் எழுதினால், இயந்திரத்துக்கு அந்த நூறுதான் அந்தச் சொல்லின் அர்த்தம்.

"நாங்கள் வெறும் கண்ணாடி, உங்கள் முகம்தான் தெரிகிறது" என்று கம்பனிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அது சரிவராது. பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் கெட்ட கதை கதைத்துவிட்டுப் போகட்டும். பதினோராவதாக ஒரு டீச்சர் வந்து "தம்பி, ஒரு..." என்று வாய் திறக்கும்போதே கடைக்காரன் அந்தக் கதையை எடுத்துவிட்டால், "முன்னுக்கு வந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள்" என்று அவன் சொல்வதை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? கடை அவனுடையது. வாயும் அவனுடையது.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. பாதி எழுதும்போதே மீதியை ஊகித்துத் தருகிற இந்த வசதியைக் கூகுள் 2004இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2008இல்தான் எல்லாருக்கும் கொடுத்தது. 2013இல் ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு சில விளம்பரங்கள் வெளியிட்டது. பெண்களின் முகம், வாய் இருக்கிற இடத்தில் தேடுபெட்டி. "பெண்கள்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் வீட்டில் இருக்க வேண்டும், அடிமையாக இருக்க வேண்டும் என்று மெய்யாகவே வந்த வரிகளை அப்படியே அச்சடித்திருந்தார்கள். 2016 டிசம்பரில் ஒரு பிரித்தானியப் பத்திரிகையாளர் யூதர்களைப் பற்றி இரண்டு சொல் எழுத, "கெட்டவர்களா" என்று மூன்றாவது சொல்லை அதுவே எடுத்துக் கொடுத்தது. அவர் எழுதிய பிறகு அது நீக்கப்பட்டது. அடுத்த வருடம் பெட்டிக்கு அடியில் முறைப்பாடு செய்கிற வழியும் வந்தது. ஆங்கிலத்தில் சத்தம் போட்டால் கேட்கிறது. தமிழில் நாம் வெட்கப்பட்டுத் திரையை அணைத்துவிடுகிறோம். நானும் அதைத்தானே செய்தேன்!

கணினியில் அந்த வரிசைக்குக் கீழே மூலையில் பொருத்தமற்றதை அறிவிக்கச் சொல்லி ஒரு வரி இருக்கும். அதை அழுத்துங்கள். வகுப்பில் முதல்நாளே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் புரொஜெக்டரை மூடிவிட்டு எழுதுங்கள். சிரித்த பொடியனை விடுங்கள், அவன் பயத்திலும் சிரித்திருக்கலாம்.

கேள்வி: வாப்பாவின் உடுப்புக் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறக்கப் பார்க்கிறேன். எங்கட ஊர்ப் பெயரை எழுதினாலே குண்டு, பயங்கரவாதம் என்று முந்திக்கொண்டு வருகிறது. கொழும்பில் சாமான் எடுக்கிற முதலாளி இதைத்தானே முதலில் காண்பார்?
– காத்தான்குடி

பதில்: தம்பி, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் உயிர் போனதும் எங்கட பிள்ளைகளுக்குத்தான். குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் உங்கட ஊரான். அந்தச் செய்தி இணையத்தில் இருக்கத்தான் வேண்டும். தேடுகிறவனுக்கு அது கிடைப்பது ஒன்று. உடுப்புக் கடையைத் தேடுகிறவனின் வாயில் அதைத் திணிப்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தை ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டது. ஒருவர், தேடுபெட்டியில் தன் பெயரோடு "மோசடி" என்ற சொல் வருவதாகக் கூகுள் மேல் வழக்குப் போட்டார். ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே பார்த்திருக்கத் தேவையில்லை, ஆனால் முறைப்பாடு வந்த பிறகும் பேசாமல் இருந்தால் கம்பனிதான் பொறுப்பு என்று தீர்ப்பு. அது அந்த நாட்டுச் சட்டம். நமக்கு முறைப்பாடு மட்டும்தான். அதையாவது கடைத்தெருவில் பத்துப் பேர் சேர்ந்து செய்யுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "இன்னும் வருதா?" என்று தினமும் அதையே அழுத்திப் பார்க்காதீர்கள். அதுவும் ஒரு தேடலாகத்தான் கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்கட பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியை, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யப் போட்ட கருத்தடை மாத்திரை என்றார்கள். கடைக்காரரை மிரட்டி எடுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் அடிபட்டன. மறுகா அரச இரசாயனப் பகுப்பாய்வு சொன்னது, அது வெறும் மாக்கட்டி. அதற்குள் மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவும் கலவரத்தில் எரிந்து, பேஸ்புக்கை ஒரு கிழமைக்கு மேல் நாட்டில் நிறுத்தியும் ஆயிற்று. அந்தக் கலவரத்தில் தன் பங்குக்காக 2020இல் அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது. எது அதிகம் அழுத்தப்படுகிறதோ அதைத்தான் இயந்திரம் மேலே தள்ளும். மாக்கட்டி என்ற செய்தியை எத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள்?

வாப்பாவின் கடைப் பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தமிழில், முழுதாக, படத்தோடு போடுங்கள்.

கேள்வி: என் மனிசன் போன வருடம் காலமானார். திடீர் திடீரென்று போன் அவருடைய படங்களைக் கோத்து, பாட்டும் போட்டு "இனிய நினைவுகள்" என்று காட்டுகிறது. சமையல் நேரத்தில் அப்படி வந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது.
– வாழைச்சேனை

பதில்: அம்மா, 2014இல் அமெரிக்காவில் எரிக் மேயர் என்ற இணைய வடிவமைப்பாளருக்கும் இதுதான் நடந்தது. ஆறு வயது மகளை இழந்த வருட முடிவில், அவளுடைய படத்தைச் சுற்றி ஆட்களை ஆடவிட்டு "உன் வருடம் இப்படி இருந்தது" என்று பேஸ்புக் காட்டியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று அவரே எழுதினார். எல்லாருக்கும் நல்ல வருடம் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

நினைவுகளுக்கான அமைப்பில் ஓர் ஆளை அல்லது ஒரு திகதியை மறைக்க இடமுண்டு. படங்கள் அழியாது, தானாக வந்து நிற்பது மட்டும் நிற்கும். பேரப்பிள்ளை யாரிடமாவது கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. பார்க்க மனம் வரும் நாளில் நீங்களே திறந்து பாருங்கள்.

கேள்வி: மகன் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான். என் போனில்தான் கணிதப் பாடம் பார்க்கிறான். யூடியூப் திறந்தால் அரைகுறை உடுப்பு வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. அடித்துக் கேட்டும் தான் பார்க்கவில்லை என்கிறான்.
– ஒரு தகப்பன், கல்முனை

பதில்: முதலில் பிள்ளைக்கு அடிப்பதை நிறுத்துங்கள் அண்ணன். பார்க்காமலும் வரும். 2021இல், பயர்பொக்ஸ் உலாவியைத் தருகிற மொசில்லா நிறுவனம் தொண்டர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஏன் பார்த்தோம் என்று அவர்கள் வருந்திய வீடியோக்களில் 71 சதவீதம் யூடியூப் தானாக நீட்டியவை. ஆங்கிலம் முதன்மை மொழியாக இல்லாத நாடுகளில் இந்தத் தொல்லை 60 சதவீதம் கூட. வேண்டாததின் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியை அழுத்தி, அந்தச் சானலே வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு வேறு கணக்குத் திறந்து கொடுங்கள்.

பார்த்தவற்றின் பட்டியல் ஒன்றும் அதில் இருக்கிறது, திகதி வாரியாக. போன் உங்களுடையது என்கிறீர்கள். மகனைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதை ஒருதரம் தனியாக இருந்து பார்த்துவிடுங்கள்.