ஜப்பான் பிறந்த கதையின் வழியே: ஷிண்டோ கோயில்கள் பற்றிய கேள்வி பதில்

அக்கா, இரண்டு வாரம் ஜப்பான் போகிறோம். ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவில், உலகம் தோன்றிய கதையோடு சேர்ந்த கோயில்களைப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

அவாஜித் தீவில் தொடங்குங்கள், ஏனென்றால் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 712-இல் எழுதி முடித்த பழங்கதை நூல் ‘கோஜிகி’ சொல்வது இது: இஸானாகி, இஸானாமி என்ற ஆண், பெண் தெய்வ இணை வானத்து மிதக்கும் பாலத்தில் நின்று, மணி பதித்த ஈட்டியால் கடலைக் கலக்கினார்கள். ஈட்டி நுனியிலிருந்து சொட்டிய உப்பு நீர் உறைந்து ஓனோகொரோ என்ற தீவானது. அங்கே இறங்கி, ஒரு தூணைச் சுற்றி வந்து மணம் செய்துகொண்டார்கள். பிறகு அவர்கள் பெற்ற தீவுகளில் முதலாவது அவாஜி.

கோபேயின் சன்னோமியாவிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்து உண்டு. 3,911 மீட்டர் நீளமுள்ள அகாஷி கைக்யோ பாலத்தின் மேல் கடலைக் கடந்து போகும். அவாஜியின் தாகா பகுதியில் இருக்கிறது இஸானாகி ஜிங்கூ. படைப்பு வேலை முடிந்ததும் இஸானாகி ஓய்ந்து அடங்கிய இடம் என்பது நம்பிக்கை. வளாகத்தில் சுமார் 900 வயதான கற்பூர மரம் ஒன்று நிற்கிறது. இரண்டு மரங்கள் ஒன்றானது என்று சொல்லி, தம்பதி மரமாக வணங்குகிறார்கள். நான் முதலில் போன நாள் ஒரு வயதான தம்பதி அதன் அடியில் வெகுநேரம் பேசாமல் நின்றிருந்தார்கள். பிறகு எத்தனையோ கோயில்கள் போய்விட்டேன், அந்தக் காட்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஓனோகொரோ தீவு உண்மையில் எது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

மூன்று இடங்கள் உரிமை கோருகின்றன. அவாஜியின் வடக்கு முனையில் இவாயா துறைமுகத்தை ஒட்டிய ஏஷிமா பாறைத் தீவு ஒன்று. தெற்கே மினாமி அவாஜியில் 21.7 மீட்டர் உயரச் சிவப்புத் தோரி வாயில் கொண்ட ஓனோகொரோஜிமா கோயில் இன்னொன்று. மூன்றாவது நுஷிமா. என் மனம் நுஷிமா பக்கம்தான். அவாஜியின் தென்கரையிலிருந்து படகில் பத்து நிமிடம். தீவின் மறுபக்கம் நடந்து போனால் கடலுக்குள்ளிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை நிமிர்ந்து நிற்கிறது. பெயர் காமிதாதெகாமி. அவர்கள் சுற்றி வந்த தூண் இதுதான் என்கிறார்கள். அவாஜிப் பக்கத்துக் கடலோடிகளின் சொந்தத் தெய்வங்களே பிறகு நாட்டின் கதைக்குள் வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதுண்டு. அந்தப் பாறையைப் பார்த்தால் அது சரியாகத்தான் படுகிறது.

ஹானா நோ இவாயா படத்தைப் பார்த்தேன். பாறை மட்டும்தான் இருக்கிறது. சந்நிதி எங்கே?

அந்தப் பாறைதான் சந்நிதி. நெருப்புத் தெய்வத்தைப் பெற்றபோது உடல் வெந்து இறந்துபோன இஸானாமியை, மியே மாநிலத்தில் குமனோ கடற்கரையை ஒட்டி அடக்கம் செய்தார்கள் என்று 720-ஆம் ஆண்டு நூலான ‘நிஹோன் ஷோகி’ சொல்கிறது. ஊர் மக்கள் பூ வைத்து, கொட்டும் குழலுமாக ஆடிப் பாடி அவளை வழிபட்டதையும் அது குறித்து வைத்திருக்கிறது. சுமார் 45 மீட்டர் உயரப் பாறை, முன்னால் வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய தரை, அவ்வளவுதான். கருவறைக் கட்டடமே கிடையாது. பிப்ரவரி 2, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சுமார் 170 மீட்டர் நீளக் கயிற்றைப் பாறை உச்சியிலிருந்து இழுத்துக் கட்டுகிறார்கள். தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள். குமனோஷி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

என் அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. பயணச்சீட்டு முன்பே எடுத்தது. நான் கோயிலுக்குள் போகலாமா?

மனம் கனக்கிறது. அங்கேயும் சாவுத் தீட்டு உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் பொதுவாக 50 நாள் ஷிண்டோ கோயிலுக்குப் போகமாட்டார்கள். உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் உறுத்தலாக இருந்தால் தோரி வாயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

இந்த வழக்கத்தின் வேர் இதே கதையில் இருக்கிறது. இறந்த மனைவியைத் தேடி இஸானாகி யோமி என்ற இருள் உலகத்துக்குப் போனான். பார்க்காதே என்று அவள் கெஞ்சியும் விளக்கேற்றிப் பார்த்தான். அழுகிய உடலைக் கண்டு ஓடிவந்து, வழியைப் பெரும்பாறையால் அடைத்தான். பிறகு சாவின் அழுக்குப் போக நீரில் இறங்கிக் குளித்தான். இடது கண்ணைக் கழுவியபோது சூரிய தேவி அமதெராசு, வலது கண்ணில் நிலவுத் தெய்வம் ட்சுகுயோமி, மூக்கில் சுசானோ பிறந்தார்கள். அந்தக் குளம் என்று காட்டப்படும் மிசோகி குளம், மியாசாகி நகரில் எதா கோயிலுக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. சிறியது, அல்லி பூக்கும். இன்றைக்கும் ஜப்பான் முழுக்கப் பூசாரிகள் சொல்லும் தூய்மை மந்திரம் இந்தக் குளியலைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த 50 நாள் கழிந்த பிறகு ஒருமுறை அங்கே போய் உட்கார்ந்திருங்கள்.

யோமியை அடைத்த பாறையைப் பார்க்க முடியுமாமே?

மட்சுயே நகரின் ஹிகாஷி இசுமோ பகுதியில், யோமோட்சு ஹிராசாகா என்ற இடத்தில் மரங்களுக்கிடையே பெரிய கற்கள் இருக்கின்றன. அங்குள்ள நினைவுக்கல் 1940-இல் நட்டது, ஆகவே பழமைக்கு அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். இடத்தின் அமைதிக்காகப் போகலாம்.

மியாசாகி மாநிலத்துத் தகாசிஹோவில் அமதெராசு ஒளிந்த குகைக்குள் போகலாமா?

போக முடியாது, படமும் எடுக்கக்கூடாது. அமனோ இவாதோ கோயிலில் பூசாரி உங்களைப் பின்பக்கம் அழைத்துப் போய், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் குகையைத் தூரத்திலிருந்து காட்டுவார். சூரிய தேவி குகைக்குள் ஒளிந்து உலகம் இருண்டபோது தேவர்கள் கூடிப் பேசிய அமனோயாசுகவாரா குகைக்கு ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் உள்ளேயே போகலாம். இரவு எட்டு மணிக்குத் தகாசிஹோ கோயிலில் ககூரா என்ற தெய்வ ஆட்டம் ஒரு மணி நேரம் நாள்தோறும் நடக்கிறது. அவளை வெளியே வரவைக்கக் குகை வாசலில் உசுமே என்ற தேவி ஆடியதையும், வலிமைத் தெய்வம் தாசிகராவோ கதவைப் பெயர்த்ததையும் ஆடிக் காட்டுவார்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை கிராமங்களில் விடிய விடிய 33 ஆட்டங்கள் நடக்கும். அதற்கு ஈடு வேறில்லை. ரயில் கிடையாது. 2005 புயலில் பாதை சேதமாகி நின்றே போனது. குமமோட்டோ அல்லது நோபேயோகாவிலிருந்து பேருந்து.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? எத்தனை முறை கைதட்டுவது?

வளாகத்தில் வேண்டாம், மண்டபத்துக்குள் ஏறினால் மட்டும். வாயிலில் தலை வணங்கி, பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடங்கள், அது தெய்வம் நடக்கும் வழி. கையும் வாயும் கழுவி, காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனியுங்கள். இசுமோ தைஷா போன்ற சில கோயில்களில் நான்கு தட்டல்.

எங்களுக்கு மூன்றே நாள். இசேயா, அவாஜியா?

இசே பெரிய இடம்தான். அமதெராசுவின் கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013-இல். ஆனால் கூட்டம் அதிகம். கருவறையை வேலிகளுக்கு வெளியே நின்றுதான் வணங்க முடியும். படைப்புக் கதைக்காகப் போகிறீர்கள் என்றால் மூன்று நாளையும் அவாஜிக்கே கொடுங்கள். நுஷிமாவில் இறங்கியவுடன் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுத்துறையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.