சொந்தக் காணியில் விறகு எரிப்பதற்கும் ஏன் சட்டம்?

வெளிப்புற விறகுக் கொதிகலன் என்பது, வீட்டுக்கு வெளியே சிறிய கொட்டில் போன்ற ஒன்றில் நெருப்பு மூட்டித் தண்ணீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய் வழியே வீட்டுக்கு அனுப்பும் சாதனம். கொழும்பு வெக்கையில் நமக்கு இது தேவையில்லை. ஆனால் கனடா, அமெரிக்காவில் இருக்கும் நம் உறவுகளின் அயலில் இது உண்டு. "என் காணி, என் விறகு, அரசாங்கத்துக்கு என்ன?" என்ற வாதமும் உண்டு.

சிக்கல் எரியும் விதத்தில் இருக்கிறது. பழைய வகைகளில் நெருப்பறையைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் நெருப்பின் சூடு குறைந்துவிடும். தண்ணீர் போதிய அளவு சூடானதும் காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். அப்புறம் விறகு சரியாக எரியாது, மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். புகைபோக்கியும் கட்டை. எனவே புகை மேலே போய்க் கலையாமல், தாழப் பரவி அயல்வீட்டு ஜன்னலுக்குள் நுழையும். அதிலுள்ள 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போகும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கீழ்வீட்டார் கருவாடு பொரித்தால் மேல்வீடு முழுக்க மணக்கும் அல்லவா? சமைப்பது அவர்கள் உரிமைதான். ஆனால் கருவாட்டு மணம் கொஞ்ச நேரத்தில் போய்விடும், இந்தப் புகை குளிர்காலம் முழுவதும் நிற்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுவிட வேறு காற்று ஏது? அதனால் கட்டுப்பாடு நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்க மத்திய அரசு 2015இல் புகை வரம்பு விதித்து, 2020இல் அதை இறுக்கியது. பலர் நினைப்பதுபோல அந்த விதி விறகு எரிப்பதைத் தடை செய்யவில்லை; ஏற்கெனவே பொருத்தியதைக் கழற்றச் சொல்லவும் இல்லை, புதிதாகத் தயாரித்து விற்பவற்றுக்கே அது பொருந்தும்.