வாசகர் கேள்வி – பதில்: ஒரே பந்தியில் உட்காரும் அன்பு

கேள்வி: எங்கள் ஊர் ஆலயத்தில் சேகரக் கமிட்டித் (சபை நிர்வாகக் குழுத்) தேர்தல் முடிந்து ஓராண்டுக்கு மேலாகிறது. என் கணவரும், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் மற்றொரு குடும்பத் தலைவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். அப்போது எங்களைப் பற்றி அவர்கள் பேசியதும், அவர்களைப் பற்றி நாங்கள் பேசியதும் எழுதத் தக்கவை அல்ல. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. திருவிருந்து ஞாயிறுகளில் அவர்கள் முழங்காற்படியிட்டு எழுந்து போன பிறகே நாங்கள் எழுந்து போகிறோம். பண்டிகை அசனத்தில் அவர்கள் இருக்கும் பந்தியில் உட்காருவதில்லை. விசுவாசிகள் ஒருவரிலொருவர் அன்பாயிருக்க வேண்டும் என்று எங்கள் ஆயரான ஐயரவர்கள் பிரசங்கிக்கும்போது மனம் குத்துகிறது. ஆனாலும் அன்பு வரவில்லை. வராத அன்பை வந்ததுபோல் காட்டுவது மாய்மாலம் ஆகாதா? கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டதையும் அன்பில்லாத செயல் என்கிறார்கள். கேட்டது தவறா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, அவர்கள் பேசியதோடு நீங்கள் பேசியதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய கடிதங்களில் அந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே உங்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசலாம் என்று நம்புகிறேன்.

"அன்பு வரவில்லை" என்கிறீர்கள். ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்ற புதிய கட்டளையை ஆண்டவர் எந்த இரவில், யாரிடம் கொடுத்தார் என்பதை யோவான் 13ஆம் அதிகாரத்தில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். பந்தியில் இருந்தவர்களுள் ஒருவர் ரோமருக்குக் கீழ்ப்பட்ட ஆட்சிக்கு வரி வசூலித்த மத்தேயு. மற்றொருவர் செலோத்தே, அதாவது யூத வைராக்கியக்காரர், என்று அழைக்கப்பட்ட சீமோன். ஊரில் தற்செயலாகச் சந்தித்திருந்தால் இவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்களா என்பதே ஐயம். அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தெடுத்தவர்கள் அல்லர். இருவரையும் தெரிந்தெடுத்தவர் மூன்றாமவரான ஆண்டவர். அந்த இரவில் ஆண்டவர் கழுவிய கால்களில் யூதாசின் கால்களும் இருந்தன; அவன் வெளியே போனது அதற்குப் பிறகுதான். இவ்வாறு செய்துகாட்டிய பின்னரே, "நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல" என்று அவர் அளவுகோலை வைத்தார். மனத்தில் ஓர் உணர்ச்சி சுரக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டளையிட முடியாது. தண்ணீரையும் துணியையும் எடுத்துக்கொண்டு ஒருவர் காலருகே போய் உட்காரும்படி கட்டளையிட முடியும்.

ஆகவே, மனம் இழுத்துப் பிடித்தாலும் எழுந்துபோய் ஒருவருக்கு வணக்கம் சொல்வது மாய்மாலம் ஆகாது. உள்ளே பகையை வளர்த்துக்கொண்டு, பிறர் மெச்சும்படி வெளியே சிரிப்பதே மாய்மாலம். அந்தப் பகையை வளர்க்க விரும்பாமல், அதற்கு எதிராக ஓர் அடி எடுத்து வைப்பவர் செய்வது கீழ்ப்படிதல். உணர்ச்சி பின்னால் வரலாம், வர நாளாகலாம், வராமலே போகவும் கூடும். பிள்ளைகளே, வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம் என்று யோவான் எழுதியபோது, உணர்ச்சி வரும்வரை பொறுத்திருங்கள் என்று சேர்த்து எழுதவில்லை.

அசனப் பந்தியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது என்னை வருத்தியது. ஆலய வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறு வெந்து, பணக்காரர் ஏழை என்ற வேறுபாடின்றி எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே கரண்டியால் பரிமாறப்படுவதை உண்பதே அசனத்தின் அழகு. கொரிந்து சபையிலும் இத்தகைய ஒரு பந்தி இருந்தது. அது கெட்டுப்போன விதத்தைப் பவுல் கி.பி. 55 வாக்கில் எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் காணலாம். அந்நாளில் தனியாக ஆலயக் கட்டடம் கிடையாது; வசதி படைத்த ஒருவரின் வீட்டிலேயே சபை கூடியது. அத்தகைய வீட்டின் உணவு அறையில் சாய்ந்து உண்ண ஏறக்குறைய 9 பேருக்கே இடம் இருக்கும். மற்றவர்கள் முற்றத்தில்தான் இருக்க வேண்டும். நேரத்தோடு வரக்கூடிய செல்வர்கள் உள்ளே உண்டு குடித்து முடித்திருப்பார்கள். எஜமானிடம் வேலை முடித்து இருட்டிய பிறகு வந்து சேரும் அடிமைக்கும் கூலியாளுக்கும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் அதைத்தான் சொல்கிறார். இப்படி உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றும் சொல்லிவிடுகிறார். அப்பம் இருந்தது, பாத்திரம் இருந்தது, ஜெபமும் இருந்திருக்கும். ஆயினும் பக்கத்தில் இருக்க வேண்டியவரைத் தள்ளி வைத்ததால் அது ஆண்டவருடைய பந்தி ஆகவில்லை. அவர் சொன்ன பரிகாரமோ மிகச் சிறியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். நீங்களும் காத்திருக்கிறீர்கள், சகோதரி. ஆனால் அவர்கள் எழுந்து போவதற்காகக் காத்திருக்கிறீர்கள்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறையில் சமாதானம் கூறும் பகுதி ஒன்று உண்டு. சீரிய மரபிலிருந்து வந்த அந்த வழக்கத்தின்படி, சமாதானத்தைக் கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். பீடத்தருகே தொடங்குவது இவ்வாறே கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை செல்ல வேண்டும். இன்று பல ஆலயங்களில் அது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவதோடு முடிந்துவிடுகிறது. நமக்குப் பிடித்தவர் பக்கத்தில்தான் நாம் உட்காருகிறோம் என்பதால் அதில் சிரமமும் இல்லை. அப்பத்தைப் பெறுமுன் அந்தக் கை யாரிடம் போயிருக்க வேண்டும் என்பதை மத்தேயு 5:23, 24 சொல்கிறது. அந்த வசனத்தில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. உன் சகோதரன்மேல் உனக்குக் குறை உண்டானால் என்று ஆண்டவர் அங்கே சொல்லவில்லை. உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார்.

ஆகவே அடுத்த திருவிருந்துக்கு முன் அந்த வீட்டுக்குப் போங்கள். கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். நடுவர் வேண்டாம், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதும் வேண்டாம். தேர்தலில் யார் செய்தது சரி என்ற பேச்சை எடுக்காமல், உங்கள் வாயிலிருந்து வந்த சொற்களுக்கு மட்டும், அவை இன்னவை என்று சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டாலும் நீங்கள் போனது போனதுதான். கூடுமானால் உங்களாலானமட்டும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்வதில், நம்மால் ஆகாததும் ஒன்று இருக்கிறது என்ற ஒப்புதல் அடங்கியிருக்கிறது.

கணக்குக் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். புதிய ஏற்பாட்டில் விசுவாசிகள் விசுவாசிகளுக்குச் செய்த மிகப் பெரிய உதவி, மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் திரட்டப்பட்டு எருசலேமின் ஏழைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட காணிக்கை. அந்தப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார். ஒருவரும் தம்மைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுவதாக 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் எழுதினார். அப்போஸ்தலனே தம் கணக்கைப் பிறர் கண்முன் வைத்தார் என்றால், கமிட்டி வைப்பதில் என்ன குறைவு? கூட்டத்தில், எழுத்துமூலம், உரியவரிடம் கேளுங்கள். கேட்பதற்குமுன் டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் அன்பில்லாத செயல்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிக்கும் கணவனிடமோ, தவறாக நடந்துகொண்ட தலைவரிடமோ, "அன்பு சகலத்தையும் தாங்கும்" என்ற வசனத்தைச் சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. மேலே நான் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அங்கே சபை அன்புகூர வேண்டிய முதல் ஆள் அடிபட்டவர்; அடித்தவனுக்குக் காட்ட வேண்டிய அன்பு, சட்டத்துக்கு முன் அவனை நிறுத்துவதையும் உள்ளடக்கியது.

கேள்வி: எல்லோரையும் நேசிக்கச் சொல்லும் வேதாகமம், விசேஷமாக விசுவாச குடும்பத்தாருக்கு நன்மை செய்யுங்கள் என்பது பாரபட்சம் அல்லவா?
— ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கலாத்தியர் 6:10இல் "யாவருக்கும்" என்ற சொல்தான் முதலில் வருகிறது, அது இருக்கும்வரை பின்னால் வரும் "விசேஷமாக" என்பதைக் கதவடைப்பாக வாசிக்க இயலாது. ஒரே வீட்டில் இருப்பவருக்கு நம்மேல் கூடுதல் உரிமை உண்டு. தம் வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்கு அன்னதானம் செய்பவரை யாரும் மெச்சமாட்டார்கள். முதல் நூற்றாண்டில் கிறிஸ்தவராகிப் பிறந்த வீட்டையும் தொழிலையும் இழந்தவருக்குச் சபையைத் தவிர வேறு வீடு இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த வீட்டு அன்பு வீட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கிறது. 361 முதல் 363 வரை ஆண்ட ரோமப் பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டுப் பின்னர் அந்த விசுவாசத்தை விட்டு விலகி, பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்றவன். கலாத்தியா நாட்டின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் தாங்குகிறார்கள், நம்மவர்களுக்கோ நம்மிடமிருந்து உதவி கிடைப்பதில்லை என்று அவன் மனம் நொந்து எழுதினான். ஒரு சபையின் சகோதர அன்பு உண்மையானதா, வெறும் கூட்டப் பற்றா என்பதை அறிய, வெளியே இருக்கும் ஏழை அந்தச் சபையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று விசாரித்தால் போதும்.

கேள்வி: நானும் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறோம். இருவரும் ஒரே வாலிபர் ஐக்கியத்தில் வளர்ந்தவர்கள். சாதி வேறு என்பதால் என் தந்தை மறுக்கிறார். "அவர்களோடு ஒரே பந்தியில் உட்காருகிறோம், கஷ்டத்தில் உதவுகிறோம், அன்பு அவ்வளவு போதும், சம்பந்தம் வேறு" என்கிறார். அவர் சபையின் மூப்பரும்கூட.
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் தந்தை சொன்ன வாதத்துக்கு 1910ஆம் ஆண்டிலேயே ஒரு தமிழர் பதில் சொல்லியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னர் தோர்னக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்ற வே. ச. அசரியா, எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், ஏழைகளுக்கு ஆஸ்தியையும் நெருப்புக்குச் சரீரத்தையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று ஐரோப்பியரிடம் முகத்துக்கு நேரே கேட்டார். உதவி செய்பவர் மேலே நின்றுகொண்டே கொடுத்துவிடலாம். சகோதரனாக ஏற்பவர் தம் வீட்டுக்குள் இடம் கொடுத்தாக வேண்டும்.

நம் சபைகளின் வரலாறு இந்த இடத்தில் வெட்கத்துக்குரியது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில், வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தை மட்டும் பார்க்கும்படி இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் கட்டி, இடையில் சுவரும் வைத்திருந்தார்கள். கௌசானல் அடிகள் 1910இல் அந்தச் சுவரை இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று வழக்குத் தொடுக்கவும் விசுவாசிகளே முன்வந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. சீர்திருத்தச் சபைகளும் இதில் மேலானவை அல்ல. தரங்கம்பாடியில் சீர்திருத்தச் சபை தோன்றிய தொடக்க நாட்களிலேயே ஆலயத்தில் சாதிவாரியாக இடம் பிரிக்கப்பட்டிருந்தது. சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, பலர் சாதியை விடச் சம்மதியாமல் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். சுவர்கள் இன்று பெரும்பாலும் ஆலயத்துக்குள் இல்லை. கல்லறைத் தோட்டங்களிலும் திருமணத் தகவல் பக்கங்களிலும் இருக்கின்றன.

அந்தியோகியாவில் பேதுரு எந்த உபதேசத்தையும் மறுதலிக்கவில்லை. புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பயந்து, தம் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். எந்த விசுவாசியை மணந்தாக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. குணம், விசுவாசம், மனப்பொருத்தம் பார்த்து மறுக்கலாம். எல்லாம் பொருந்தியிருந்தும் பிறப்பை மட்டும் காட்டி மறுப்பது, அந்தப் பெண்ணை மட்டுமல்லாமல் அவள் பெற்ற ஞானஸ்நானத்தையும் மறுப்பதாகும். ஒரு மூப்பர் இதைச் செய்யும்போது அது வீட்டு விவகாரமாக நின்றுவிடாது.

தந்தையைக் கனம்பண்ணுங்கள். குரலை உயர்த்தாதீர்கள், பிறர் முன்னிலையில் அவரைச் சிறுமைப்படுத்தாதீர்கள். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். யோசிக்க அவருக்குப் போதிய அவகாசம் கொடுங்கள். இதற்கிடையில் அந்தப் பெண்ணைச் சீர்திருத்தத்தின் அடையாளமாக்கி மேடையேற்றாதீர்கள். அவர் உங்களை மணக்க விரும்புகிறார், ஒரு போராட்டத்தை அல்ல. அவருடைய பெற்றோர் உங்கள் வீட்டில் எப்படி நடத்தப்படுவார்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் தந்தை மறுத்தால், இருவரும் உரிய வயதை எட்டியிருக்கும் நிலையில், உங்கள் ஆயரிடம் போய் ஓலை வாசிக்கும்படி, அதாவது திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிக்கும்படி, கேளுங்கள். அவர் தயங்கினால், திருமண்டலப் பேராயருக்கு இருவரும் கையொப்பமிட்டு எழுதுங்கள்.