மெயின் ரோடு ஒருவழியானதால் எங்கள் தெருவில் நெரிசல்: யாரிடம், எப்படி ஆட்சேபிப்பது?

கேள்வி: தென் சென்னையில் முப்பது அடி அகலத் தெருவில் குடியிருக்கிறோம். மெட்ரோ வேலைக்காகப் பக்கத்து மெயின் ரோட்டை ஒருவழிப்பாதை ஆக்கி நான்கு மாதம் ஆகிறது. எதிர்த்திசையில் போக வேண்டிய வண்டிகளெல்லாம் எங்கள் தெருவுக்குள் திரும்புகின்றன. தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. காலையில் பிள்ளைகளால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. இந்த மாற்றம் நிரந்தரமாகிவிடும் என்று பேச்சு அடிபடுகிறது. தெருமுனையில் ஒரு பெரிய வணிக வளாகமும் எழும்புகிறது. நலச்சங்கம் சார்பில் எழுபது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. தெருமுனையில் நாங்களே கேட் போட்டுவிடலாமா?

பதில்: கேட் வேண்டாம். அது பொதுச்சாலை. அனுமதியில்லாமல் அடைத்தால் மாநகராட்சி வந்து எடுத்துவிடும். ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ அங்கே நின்றுவிட்டால் பழி முழுக்க உங்கள் மேல் விழும். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமும் அன்றோடு போய்விடும்.

மனுவுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய நகலில் முதல்வர், மேயர், கமிஷனர், எம்.எல்.ஏ., கவுன்சிலர் எல்லோருக்கும் ஒரே கடிதம் போயிருக்கிறது. கோரிக்கை, ‘போக்குவரத்து நெரிசலைத் தடுத்து நிறுத்த வேண்டும்’ என்ற ஒரே வரி. அதைப் படிக்கும் அதிகாரிக்கு எதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் குறை தீரும் என்று தெரியாது. ஒரு குறிப்பிட்ட உத்தரவைக் காட்டி, அதில் இந்த இடத்தை இப்படி மாற்றுங்கள் என்று கேட்டால்தான் அந்தத் தாள் ஃபைலுக்குள் போகும். ஆகவே கையெழுத்தை எழுபதிலிருந்து எழுநூறு ஆக்குவதைவிட, அந்த உத்தரவைக் கையில் வாங்குவதுதான் முதல் வேலை.

பொறுப்பு இங்கே பிரிந்து கிடக்கிறது. ஒருவழிப்பாதை, வண்டித் தடை, திருப்பிவிடுவது எல்லாம் போக்குவரத்துக் காவல்துறையின் முடிவு. தெருவின் தார், நடைபாதை, வேகத்தடை மாநகராட்சியைச் சேர்ந்தவை. அதிலும் பஸ் போகும் சாலைகளுக்குத் தனித் துறை, உட்புறத் தெருக்களுக்கு மண்டல அலுவலகம். கட்டட அனுமதி, அளவைப் பொறுத்து, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடமோ மாநகராட்சியிடமோ இருக்கும். உங்கள் குறை மூன்று இடத்தையும் தொடுவதால் மூன்று தனி மனு எழுதுங்கள். ஒன்றில் எல்லாவற்றையும் கலந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள்.

சட்டத்தில் உங்களுக்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115இன்படி ஒரு சாலையில் வண்டிகள் ஓடுவதைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ அரசிதழில் அறிவிக்கை வர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அது தேவையில்லை. உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். உங்கள் மெயின் ரோடு நான்கு மாதமாக ஒருவழியாக இருக்கிறது. அதனால் அறிவிக்கை எங்கே என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மனுவில் ‘இது சட்டவிரோதம்’ என்று எடுத்த எடுப்பிலேயே எழுதாதீர்கள். போலீசுக்கு வேறு சட்டங்களின் கீழும் அதிகாரம் உண்டு. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உத்தரவு போடப்பட்டது, எத்தனை நாளுக்கு, மறுஆய்வு எப்போது என்று கேளுங்கள்.

இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேட்பது நல்லது. விண்ணப்பத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகரக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். உத்தரவின் நகல், அதற்கு முன் நடந்த வாகனக் கணக்கெடுப்பு, மெட்ரோ நிர்வாகம் கொடுத்த திருப்பிவிடும் திட்டம், வேலை முடியும் தேதி: இந்த நான்கு போதும். ‘ஏன் செய்தீர்கள்’ என்று கேட்டால் விளக்கம் தருவது தங்கள் வேலையில்லை என்று பதில் வரும்; ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கணக்கெடுப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், அதுவே உங்களுக்கு ஒரு சாட்சியம்.

பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். வண்டிகளை எண்ணுங்கள். இதைப் பெரும்பாலான சங்கங்கள் செய்வதில்லை. செய்தவர்களின் மனுவை ஒதுக்கிவைப்பது கடினம். பள்ளி நடக்கும் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள், காலை 8 முதல் 10 வரை, மாலை 5 முதல் 8 வரை, கால் மணிக்கு ஒரு தாள். பைக், கார், ஆட்டோ, வேன், பஸ்-லாரி என்று தனித்தனிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு திசைக்கு இரண்டு பேர் இருந்தால் கண்ணில் எதுவும் தப்பாது. கல்லூரி மாணவர்கள் இதை அழகாகச் செய்வார்கள்.

எண்ணியதை எப்படிக் காட்டுவது? இந்தியச் சாலைப் பேராயம் நகரச் சாலைகளின் கொள்ளளவுக்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, ஐ.ஆர்.சி. 106, ஆண்டு 1990. எல்லா வண்டியையும் அது கார் கணக்குக்கு மாற்றுகிறது. மொத்த வண்டிகளில் அந்த வகை பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பைக் 0.75 கார், ஓர் ஆட்டோ 2 கார். குறைவாக வரும் சின்ன சரக்கு வேனுக்கு 1.4. உதாரணத்துக்கு ஒரு மணி நேரத்தில் 900 பைக், 250 கார், 150 ஆட்டோ, 20 சரக்கு வேன் போனதாக வைத்துக்கொள்வோம். 675, 250, 300, 28, ஆக மொத்தம் 1,253. இருதிசையும் ஓடும் இரண்டு லேன் இணைப்புச் சாலைக்கு அதே வழிகாட்டி சொல்லும் அளவு மணிக்கு 900. ஓரத்தில் வண்டி நிற்பதையும் வீட்டு வாசல்களையும் கணக்கில் எடுத்த பிறகான அளவு அது. குடியிருப்புத் தெரு அதற்கும் கீழ்நிலை. உங்கள் எண்ணிக்கை இப்படி வந்தால், ‘தாங்க முடியவில்லை’ என்று எழுத வேண்டிய அவசியமே இருக்காது. பொறியாளர்களின் அளவுகோலை வைத்தே பேசிவிடலாம்.

ஒருவேளை 900க்குக் கீழே வந்தால்? மறைக்காமல் அந்த எண்ணையே கொடுங்கள். அப்போது உங்கள் வாதம் நெரிசலை விட்டு வேகத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மாறும். அதுவும் வலுவான வாதம்தான்.

அடுத்து, என்ன கேட்பது. ஒருவழியை அடியோடு நீக்கச் சொன்னால் மெட்ரோ வேலை முடியும் வரை கிடைக்காது என்றே நினைக்கிறேன். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் ரோடு அடைபட்டுக் கிடக்கும். கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் உங்கள் தெருவில் கனரக வண்டிகளுக்கும் தண்ணீர் லாரிக்கும் தடை. பள்ளி வாசலில் அந்த நேரத்துக்கு ஒரு காவலர். மெயின் ரோட்டில் கடை வாசல் பார்க்கிங்கை எடுத்தால் எதிர்த்திசைக்கு பைக்கும் ஆட்டோவும் போகும் அளவு இடம் கிடைக்குமா என்று கூட்டாய்வு. ‘வேலை முடிந்த 15 நாளில் பழைய நிலை’ என்று எழுத்தில் ஓர் உறுதி. என் பார்வையில் கடைசிக் கோரிக்கைதான் மிக முக்கியம், ஏனென்றால் தற்காலிகமாக வந்த மாற்றம் யாரும் கேட்காததாலேயே நிலைத்துவிடுகிறது. நகல் ஒன்றை கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும் அனுப்புங்கள்.

வேகத்தடை கேட்பதானால் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். காண்டிராக்டர் நினைத்த அளவில் போடும் மேடு வேண்டாம், அது இரவில் பைக்காரரை விழவைக்கும். நம் விதிமுறையில் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், முன்னதாக எச்சரிக்கைப் பலகை, மேலே வண்ணக்கோடு. இந்த அளவை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கத்துத் தெருக்காரர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் தெருவை அடைத்து அவர்கள் தெருவுக்குத் தள்ளும் எந்த யோசனையையும் நீங்கள் முன்வைக்கக் கூடாது. அது நியாயமும் இல்லை. அவர்கள் எதிர்மனு கொடுத்தால் அதிகாரிக்கு இருவரையும் ஒதுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

சத்தத்துக்கு வேறு சட்டம். ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அவசரம் தவிர, இரவில் குடியிருப்புப் பகுதியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதும் 2010 திருத்தத்தில் வந்துவிட்டது. பள்ளியைச் சுற்றி நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவித்துப் பலகை வைக்கும்படி கேட்கலாம். போன் ஆப்பில் எடுத்த அளவைச் சுட்டிக்காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வந்து அளக்கச் சொல்லுங்கள்.

இனி வணிக வளாகம். மெட்ரோ முடிந்தாலும் இது போகாது. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை ஆர்டிஐயில் வாங்கி, பார்க்கிங் எத்தனை, வண்டி நுழையும் வாசல் எந்தத் தெருவில் என்று பாருங்கள். வாசல் உங்கள் தெருப் பக்கம் இருந்தால் இப்போதே ஆட்சேபம் எழுதுங்கள், சுவர் எழும்பிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதிக்கான 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஆகவே யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல், மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நீங்களாகவே எழுத வேண்டும். திறந்த பிறகு பார்க்கிங் தளத்தில் கடை போட்டிருந்தால், நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 56, 57இன் கீழ் நடவடிக்கை கேட்டு, கட்டட அனுமதி கொடுத்த அலுவலகத்தின் அமலாக்கப் பிரிவுக்குப் போங்கள்.

வார்டில் அந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கவுன்சிலர் உடன்பட்டால் மண்டலக் கூட்டத்தில் அவர் பேச ஒரு பிடி கிடைக்கும். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் போன் செய்வது குழி, விளக்குக்குச் சரி. கொள்கை முடிவுக்கு அது போதாது. மனுவை நேரில் கொடுத்தால் சீல் போட்ட ஒப்புகை, தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட் ரசீது, இரண்டில் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தும் பதில் இல்லையென்றால் உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் மனு போடலாம். எந்த ரோடு ஒருவழியாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் தானே வரைபடம் போடாது, அது வல்லுநர் விஷயம் என்று ஒதுங்கும். உங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு சொல்லுங்கள் என்று உத்தரவு வாங்குவது நடக்கக்கூடியது. அதற்கு அந்த ஒப்புகையும் ஆர்டிஐ பதில்களும் எண்ணிய தாள்களும்தான் ஆவணம்.

ஏதாவது மாற்றம் செய்தார்கள் என்றால், ஒரு மாதம் கழித்து அதே மூன்று கிழமைகளில் மறுபடி எண்ணுங்கள். இந்த முறை பக்கத்துத் தெருவையும் சேர்த்து எண்ணி, அந்தத் தெருச் சங்கத்தின் கையெழுத்தோடு போக்குவரத்துக் காவல் துணை ஆணையர் அலுவலகத்தில் கொடுங்கள்.